எக்ஸ் இல்லாத இடத்தில் படத்தைக் கைமாற்றுவது: மெம்எஃப்டியா, டிஎம்ஏ-பஃபா, வல்கனா, பைப்வயரா?

இரண்டு நிரல்கள். ஒன்று, நுண்ணோக்கியில் பொருத்திய கேமராவிலிருந்து படம் எடுக்கிறது. மற்றொன்று, அந்தப் படத்தின் மேல் அளவுகோலும் குறிப்புகளும் பொத்தான்களும் வரைந்து திரையில் காட்டுகிறது. ஒரே நிரலாக எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேமராவோடு வந்த நிரல் தொகுப்பு நாளுக்கு இரண்டு முறை விழுந்துவிடும். விழும்போது திரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழக்கூடாது என்றுதான் பிரித்தோம். ஓடுவது லினக்ஸ் போட்ட ஒரு சிறு பெட்டியில். அதில் லினக்ஸில் வழக்கமாகத் திரையை ஆண்டுவந்த எக்ஸ் சர்வர் வேண்டாம், முழு டெஸ்க்டாப்பும் வேண்டாம் என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது. மூன்று வாரம் இழுத்தது வேறொரு கேள்வி: எடுத்த படத்தை முதல் நிரல் இரண்டாவதன் கையில் எப்படிக் கொடுப்பது?

எக்ஸ் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு சோம்பேறித்தனமான பதில் இருந்தது. 1984-இல் எம்ஐடியில் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் படங்கள் எல்லாம் சர்வரின் வசம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்ணைத் தெரிந்துகொண்ட எந்த நிரலும் அந்தப் படத்தைப் பயன்படுத்தலாம். ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி: வாளி இருந்தால் போதும். 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய, எக்ஸுக்கு மாற்றான வேலேண்ட் அந்தக் கிணற்றை மூடிவிட்டது. வேலேண்டில் ஒரு நிரலின் எண்கள் அந்த நிரலுக்கும் திரையை ஒழுங்குபடுத்தும் கம்போசிட்டருக்கும் இடையில் மட்டுமே பொருள்படும். பக்கத்து நிரலுக்கு அவை வெறும் எண்கள். பாதுகாப்புக்கு நல்லது, மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டு நிரல்கள் தமக்குள் படம் பகிர வேண்டுமென்றால் வேலேண்டைக் கேட்டுப் பயனில்லை. வழியைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழிகள் இருக்கின்றன. அவற்றில் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக நிற்பது யூனிக்ஸ் சாக்கெட் வழியாக ஃபைல் டிஸ்கிரிப்டரை அனுப்பும் பழைய வித்தை. ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பின் பிடியை இன்னொரு நிரலின் கையில் இயங்குதளத்தின் மையமான கெர்னலே கொடுத்துவிடும். பிடி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் திறக்க முடியும். எண்ணை ஊகித்து உள்ளே வர முடியாது. எந்த வகைப் பிடியை அனுப்புவது என்பதில்தான் வேறுபாடுகள் தொடங்குகின்றன.

முதலில் எளியது

மெம்எஃப்டி என்பது பெயரில்லாத, வட்டில் இல்லாத, நினைவகத்தில் மட்டும் வாழும் கோப்பு. 2014-இல் லினக்ஸ் 3.17-இல் வந்தது. முதல் நிரல் அதை உருவாக்கி, பிடியை அனுப்புகிறது. இரண்டு பேரும் அதைத் தங்கள் முகவரிப் பரப்பில் விரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் எழுத, மற்றவர் படிக்க வேண்டியதுதான்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. நான் படித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் கோப்பைச் சுருக்கிவிட்டால், இல்லாத பக்கத்தைத் தொட்ட குற்றத்துக்காக என் நிரல் கொல்லப்படும். அதற்காகவே முத்திரை வசதி வைத்திருக்கிறார்கள்: 'இனி யாரும் சுருக்க முடியாது' என்று ஒரு முறை முத்திரையிட்டுவிட்டால், உருவாக்கியவரே நினைத்தாலும் சுருக்க முடியாது. பெறுகிற பக்கம் இந்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்காமல் விரிக்கக்கூடாது. நிறைய பேர் பார்ப்பதில்லை.

மெம்எஃப்டியை ஏளனமாகப் பார்க்கும் பழக்கம் வரைகலை ஆட்களிடம் உண்டு. 'நகல் எடுக்கிறாயா?' என்று முகம் சுளிப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1920-க்கு 1080 அளவுள்ள படம், புள்ளிக்கு 4 பைட் என்றால் ஏறக்குறைய 8.3 எம்பி. விநாடிக்கு 60 படம் என்றால் 498 எம்பி. நகல் என்றால் ஒரு முறை படிப்பு, ஒரு முறை எழுத்து. ஆக ஒரு ஜிபி. டிடிஆர்4-3200 நினைவகத்தின் ஒரே ஒரு வழித்தடம் ஏட்டளவில் விநாடிக்கு 25.6 ஜிபி தாங்கும். இருபத்தைந்தில் ஒரு பங்குக்கா இவ்வளவு பேச்சு?

அதே கணக்கை 3840-க்கு 2160-இல் போட்டால் நிலைமை மாறுகிறது. ஒரு படம் 33 எம்பி, 60 படத்துக்கு விநாடிக்கு 2 ஜிபி, ஒரு நகலுக்கு 4 ஜிபி. எழுதும்போது ஒரு நகல், ஜிபியுவுக்கு (வரைகலைச் செயலிக்கு) ஏற்றும்போது இன்னொன்று என்றால் 8 ஜிபி. சிறு பெட்டிகளில் சிபியுவும் ஜிபியுவும் ஒரே நினைவகத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. அங்கே இது மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

அளவைவிட முக்கியமானது திசை. படம் சிபியுவில் பிறந்தால், எடுத்துக்காட்டாக யுஎஸ்பி கேமரா அனுப்பும் சுருக்கிய படத்தை ஒரு நிரல் தொகுப்பு விரித்துத் தந்தால், மெம்எஃப்டி இயல்பான இடம். படம் ஜிபியுவில் பிறந்தால் கதை வேறு. தனி வரைகலை அட்டையின் நினைவகத்திலிருந்து சிபியு படிப்பது, ஓட்டை வாளியில் நீர் இறைப்பது போல. எழுத வேகமாக இருக்கும் அதே பாதை, படிக்கும்போது தவழும். அதோடு, ஜிபியு வரைந்து முடிக்கும்வரை நிரல் கைகட்டி நிற்க வேண்டும். அங்கே மெம்எஃப்டி வேண்டாம்.

பழைய மாதிரி நிரல்களில் காணப்படும் ஒன்று

இணையத்தில் தேடினால் ஃபிளிங்க் என்ற பெயரோடு எளிமையான மாதிரி நிரல்கள் கிடைக்கும். 2008 வாக்கில் கெர்னலில் சேர்ந்த ஜெம் நினைவக ஏற்பாட்டின் பகுதி அது. எக்ஸில் நிரல்கள் ஜிபியுவை நேரே பயன்படுத்த வழிசெய்த டிஆர்ஐ2 இதை வைத்துத்தான் ஓடியது. பஃபருக்கு, அதாவது படம் இருக்கும் நினைவகத் துண்டுக்கு, ஒரு 32-பிட் பொது எண் கிடைக்கும். எண்ணைச் சொன்னால் யாரும் திறக்கலாம். எண்களோ சிறியவை, வரிசையானவை. ஒன்றிலிருந்து எண்ணத் தெரிந்தவர் எல்லாப் பஃபரையும் பார்த்துவிடலாம். 2013-இல் டிஆர்ஐ3 இதைக் கைவிட்டு டிஸ்கிரிப்டருக்கு மாறியது. காட்சி உரிமை இல்லாமல் ஜிபியுவை மட்டும் பயன்படுத்தத் தரப்படும் ரெண்டர் கணுக்களில் ஃபிளிங்க் வேலையே செய்யாது. தேர்வுப் பட்டியலில் இதற்கு இடமில்லை.

டிஎம்ஏ-பஃப்: பிடி மட்டும் போதாது

2012-இல் லினக்ஸ் 3.3-இல் வந்த டிஎம்ஏ-பஃப் முதலில் டெஸ்க்டாப்புக்காகப் பிறந்ததல்ல. கேமரா, வீடியோ விரிப்பி, காட்சிப் பகுதி ஆகிய தனித்தனி வன்பொருள்கள் ஒரே நினைவகத் துண்டைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்தது. இன்று வேலேண்டில் ஜிபியு வரைந்த பஃபர்கள் கம்போசிட்டருக்குப் போவது இதன் வழியாகத்தான். கம்போசிட்டர் நடுவில் இல்லாமலும் இதே பிடியை ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு நேரே அனுப்பலாம் என்பது நமக்கு வேண்டியது. நகல் இல்லை, ஒரே நினைவகம், இரண்டு பெயர்கள்.

கேட்க இனிமையாக இருக்கிறது. முதல் நாள் மாலையே திரையில் படம் வந்துவிடும். பிறகு இரண்டு வாரம், அந்தப் படம் ஏன் சாய்ந்திருக்கிறது, ஏன் கட்டம் கட்டமாக உடைந்திருக்கிறது, ஏன் எப்போதாவது ஒரு முறை பாதி பழையதாகத் தெரிகிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

காரணம், பிடி என்பது பைட்டுகளின் பிடி மட்டுமே. அகலம் என்ன, உயரம் என்ன, நிற வடிவம் என்ன, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் எத்தனை பைட் தூரம், இவை எதையும் அது சொல்லாது. தனியே நீங்கள்தான் சாக்கெட்டில் எழுதி அனுப்ப வேண்டும். 1366 புள்ளி அகலமுள்ள படத்தின் ஒரு வரி 5464 பைட். வரித் தூரம் 256-இன் மடங்காக இருக்க வேண்டும் என்று வன்பொருள் கேட்டால் அது 5632 ஆகிவிடும். பெறுபவர் 5464 என்றே வைத்துப் படித்தால் படம் சரிந்த பனைமரம் போலச் சாயும். 1920-இல் சோதித்தால் இது தெரியாது. 7680 பைட் 256-ஆல் மிச்சமின்றி வகுபடும்.

இதைவிட நுட்பமானது மாடிஃபையர். ஜிபியு படத்தை வரிவரியாக வைப்பதில்லை. வயலில் பாத்தி கட்டுவது போலச் சிறு கட்டங்களாகப் பிரித்து வைக்கிறது. பக்கத்துப் புள்ளிகள் நினைவகத்திலும் பக்கத்தில் இருந்தால் வேகம். இன்டெலின் எக்ஸ் வகைப் பாத்தி 512 பைட் அகலமும் 8 வரி உயரமும் கொண்டது. மொத்தம் 4096 பைட். ஏஎம்டியின் பாத்தி வேறு, என்விடியாவின் பாத்தி வேறு, சிலவற்றில் சுருக்கமும் சேர்ந்துகொள்ளும். எந்தப் பாத்தி என்பதைச் சொல்லும் 64-பிட் எண்தான் மாடிஃபையர். பெறுபவர் தனக்குத் தெரிந்த மாடிஃபையர்களின் பட்டியலை முதலில் கொடுக்க வேண்டும். தருபவர் தன் பட்டியலோடு ஒப்பிட்டு, இரண்டிலும் உள்ள ஒன்றில் பஃபரை உருவாக்க வேண்டும். பாத்தியில்லாத வரி அமைப்புக்குப் பூச்சியம் என்ற எண் உண்டு. பொதுமொழி என்று அதை வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் வேகம் போகும். ஒருங்கிணைந்த ஜிபியுவில் வரைந்து தனி அட்டையில் காட்டும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் அதுவே கதி.

அடுத்தது நேரம். வரையச் சொல்லிக் கட்டளை கொடுத்துவிட்டால் வரைந்து முடிந்ததாகப் பொருளல்ல. சாயம் காயாத துணியை மடித்துக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். இன்டெல், ஏஎம்டியின் திறந்த டிரைவர்களில் பஃபரோடு ஒரு வேலி ஒட்டியிருக்கும். படிக்க வருபவரை அது தானாக நிறுத்தி வைக்கும். என்விடியாவின் சொந்த டிரைவர் அந்த வழக்கத்துக்கு வரவில்லை. அந்த நிறுவனம் நீண்ட நாள் இஜிஎல்ஸ்ட்ரீம்ஸ் என்ற தனிப் பாதையில் போய், 2021-இல் 495 வரிசை டிரைவரில்தான் மற்றவர்கள் பஃபர் ஒதுக்கப் பயன்படுத்தும் ஜிபிஎம் பாதைக்கு வந்தது. வேலி சிக்கலோ 2024 வரை நீண்டது. வெளிப்படையாக வேலியைச் சொல்லி அனுப்பும் வேலேண்ட் நெறிமுறை அந்த ஆண்டு வந்தது, 555 வரிசை டிரைவர் அதை ஏற்றது, மினுக்கல்கள் அடங்கின. நம் இரண்டு நிரல்களுக்கும் இதில் பாடம் உண்டு: வேலியையும் ஒரு டிஸ்கிரிப்டராகவே எடுத்து, படத்தின் பிடியோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். தானாக நடக்கும் என்று நம்பி எழுதிய நிரல், வேறு அட்டை மாட்டிய அன்று காலை வாரும். லினக்ஸ் 6.0 முதல் தானியங்கி வேலியை வெளிப்படை வேலியாக மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு.

மூன்றாவது, திருப்பித் தருவது. படிப்பவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும் பஃபரில் எழுதுபவர் அடுத்த படத்தை வரைந்துவிடக்கூடாது. மூன்று பஃபர்களைச் சுற்றில் விட்டு, 'பார்த்துவிட்டேன், எடுத்துக்கொள்' என்று ஒரு சிறு செய்தியைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு போதும். படிப்பவர் விழுந்துவிட்டால் அவர் பிடிகளைக் கெர்னலே மூடிவிடும். நினைவகக் கசிவு இல்லை. ஆனால் அவர் கையில் இருந்த பஃபர்கள் திரும்பி வராது என்பதை, சாக்கெட் அறுந்ததை வைத்து எழுதுபவர் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் முதல் பதிப்பு புரிந்துகொள்ளவில்லை. திரை நிரலை மூன்று முறை மறுபடி தொடங்கினால் கேமரா நிரல் பஃபரே இல்லாமல் சிலையாக நின்றது.

மற்ற இயங்குதளங்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமை வரத்தான் செய்கிறது. மேக்கில் 2009 முதல் இருக்கும் ஐஓசர்ஃபேஸ், அகலம் உயரம் வடிவம் எல்லாவற்றையும் தன்னோடு சுமந்து செல்கிறது. விண்டோஸில் பகிரும் படத்தோடு ஒரு பூட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். யார் முறை என்பதை அதுவே காக்கும். லினக்ஸ் பைட்டுகளை மட்டும் கொடுத்துவிட்டு, மற்றதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விலகிக்கொள்கிறது.

வல்கனின் மூடிய பெட்டி, பைப்வயரின் வாய்க்கால்

இரண்டு நிரல்களும் உங்களுடையவை, இரண்டும் ஜிபியுவுக்குக் கட்டளையிடும் வல்கன் இடைமுகத்தில் எழுதியவை, இரண்டும் ஒரே ஜிபியுவில் ஓடுகின்றன என்றால் மேலே சொன்ன தலைவலியில் பாதியைத் தவிர்க்கலாம். 2018-இல் வல்கன் 1.1-இன் அடிப்படையிலேயே சேர்ந்துவிட்ட வெளி நினைவக வசதி, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்காத ஒரு மூடிய பிடியைத் தருகிறது. பாத்தி அமைப்பு பற்றிப் பேச்சுவார்த்தை இல்லை. இரு பக்கமும் ஒரே அளவுருக்களோடு படத்தை உருவாக்கினால் டிரைவர் பார்த்துக்கொள்ளும். வேலிக்குப் பதிலான செமஃபோர்களையும் இதே போல அனுப்பலாம்.

விலை என்னவென்றால், சாதனத்தின் அடையாளமும் டிரைவரின் அடையாளமும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். டிரைவரைப் புதுப்பித்தபின் ஒரு நிரலை மட்டும் மறுபடி தொடங்கினால் அடையாளம் பொருந்தாமல் போகலாம். அந்தப் பெட்டியை வீடியோ விரிப்பியோ, கம்போசிட்டரோ, காட்சிப் பகுதியோ திறக்க முடியாது என்பது இன்னொரு குறை. எங்கள் திரை நிரல் வல்கனுக்கு முந்தைய இடைமுகமான ஓப்பன்ஜிஎல்லில் இருந்தது. ஓப்பன்ஜிஎல்லுக்கும் இந்தப் பிடியை வாங்கும் நீட்டிப்பு உண்டு. ஆனால் ஒரே டிரைவர் என்ற தளையோடு அதையும் சுமக்க மனம் வரவில்லை.

பைப்வயர் வேறு வகை. ரெட் ஹாட்டில் விம் டேமன்ஸ் தொடங்கிய இது ஒலிக்காக இன்று அதிகம் பேசப்பட்டாலும், பிறந்தது வீடியோவுக்காக. வேலேண்ட் டெஸ்க்டாப்பில் திரையைப் பகிரும்போது படம் போவது இந்த வாய்க்கால் வழியாகத்தான். உள்ளே மெம்எஃப்டியும் டிஎம்ஏ-பஃபும்தான் ஓடுகின்றன. வடிவத்தைப் பேசி முடிப்பது, பஃபர்களைச் சுற்றில் விடுவது, ஆள் வந்தால் சேர்ப்பது, போனால் நீக்குவது எல்லாம் அதன் பொறுப்பு. ஒரு கேமரா, நாளைக்கு எத்தனை பேர் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியாது என்றால் தயங்காமல் இதை எடுங்கள். எங்களுக்குப் பார்ப்பவர் ஒருவரே. அவருக்காக இன்னொரு சர்வரை ஓட்டுவது, ஒரு ஆள் போக பஸ்ஸை வாடகைக்கு எடுப்பது போலப் பட்டது.

திரை யார் கையில்?

படத்தைக் கொடுத்தாயிற்று, காட்டுவது யார்? டிஸ்பிளே சர்வரே இல்லாமல் கெர்னலோடு நேரே பேசித் திரையைப் பிடிக்கலாம். ஆனால் அந்த உரிமை ஒரு நேரத்தில் ஒருவருக்கே. லினக்ஸ் 4.15-இல் கீத் பேக்கார்டின் முயற்சியில் குத்தகை முறை வந்தது. மெய்நிகர் கண்ணாடிகளுக்கென ஒரு காட்சி வாயிலைப் பிரித்துக் கொடுக்க உதவும். குத்தகைக்கு விடுவதானால் ஒரு முழு வாயிலும் அதை ஓட்டும் பகுதியும் சேர்ந்தே போக வேண்டும். ஒரே திரையில் கீழடுக்கு எனக்கு, மேலடுக்கு உனக்கு என்று பிரிக்க முடியாது. நாங்கள் நினைத்திருந்தது அதைத்தான்.

திரை நிரல் தனியாகத் திரையைப் பிடிக்கட்டும் என்று ஒரு வாரம் அதை எழுதிப் பார்த்தோம். படம் வந்தது. சுட்டி வந்தது. விசைப்பலகை வந்தது. குறிப்பு எழுதும் பெட்டியில் தமிழ் வரவில்லை. விசையை அழுத்தியதும் எந்த விசை என்பது தெரிகிறது, அவ்வளவே. தமிழ்99-இல் 'ங', 'க' என்று இரண்டு விசை அழுத்தினால் என்ன எழுத்து, எங்கே புள்ளி விழ வேண்டும் என்று முடிவு செய்யும் உள்ளீட்டு முறை, வேலேண்டில் பெரும்பாலும் கம்போசிட்டரோடு பேசித்தான் வேலை செய்கிறது. கம்போசிட்டர் இல்லையென்றால் அதை நாமே எழுத வேண்டும். பிறகு நகலெடுத்து ஒட்டும் வசதி. பிறகு இரண்டாவது திரையைச் செருகினால் என்ன செய்வது என்ற கேள்வி. டிஸ்பிளே சர்வர் வேண்டாம் என்று புறப்பட்ட நாங்கள், அரைகுறையாக ஒரு டிஸ்பிளே சர்வரை எழுதிக்கொண்டிருந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரே நிரலை முழுத் திரையில் காட்டும் சிறிய வேலேண்ட் கம்போசிட்டர்களைப் பார்த்தோம். கேஜ் என்று ஒன்று இருக்கிறது. வெஸ்டனிலும் அதற்கென ஒரு முகப்பு உண்டு. உள்ளீட்டு முறைக்கு எது எவ்வளவு இடம் தருகிறது என்பதைச் சோதித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்; பெயரை மட்டும் பார்த்து எடுத்தால் பழைய இடத்திலேயே நிற்பீர்கள்.

கடைசியில் அமைந்தது இது: திரை நிரல் மட்டும் சிறு கம்போசிட்டரின் கீழ். கேமரா நிரலுக்குத் திரையோடு எந்த உறவும் இல்லை. ரெண்டர் கணுவைத் திறந்து, இரைச்சலை நீக்கும் வேலையை ஜிபியுவில் செய்து, டிஎம்ஏ-பஃபையும் வேலியையும் எங்கள் சாக்கெட்டில் நேரே அனுப்புகிறது. இரைச்சல் நீக்கம் ஜிபியுவுக்குப் போனதுதான் தீர்ப்பை மாற்றியது. அதற்கு முன்பு படம் சிபியுவிலேயே பிறந்து சிபியுவிலேயே முடிந்தபோது மெம்எஃப்டியே போதுமாக இருந்தது. உங்கள் படம் இன்னும் அந்த நிலையில்தான் இருக்கிறதென்றால் அங்கேயே நில்லுங்கள். பின்னால் மாற வேண்டி வந்தால், லினக்ஸ் 4.20 முதல் இருக்கும் யுடிஎம்ஏபஃப், மெம்எஃப்டியையே டிஎம்ஏ-பஃபாக மாற்றித் தருகிறது. சுருக்கத் தடை முத்திரை இருந்தால்தான் அது ஏற்றுக்கொள்ளும். முதல் நாளிலிருந்தே முத்திரையிட்டுப் பழகுவதற்கு அது இன்னொரு காரணம்.

பழைய மெம்எஃப்டி பாதையை நாங்கள் அழிக்கவில்லை. மாடிஃபையர் பட்டியல்களில் பொதுவாக ஒன்றும் இல்லையென்றால் நிரல் தானாக அதற்கு இறங்கி, பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைக்கும். புதிதாக ஒரு பெட்டி கைக்கு வந்தால் நான் முதலில் தேடிப் பார்ப்பது அந்த வரியைத்தான்.